திவ்யாவின் காலும் என் வேண்டுதலும்

27 ஜனவரி, செவ்வாய்
ஓட்டப் பயிற்சிக்கு முன் என் மகள் திவ்யா ஒரு ரப்பர் பாய்மேல் இடுப்பில் கைவைத்துக் குதிக்கிறாள். எவ்வளவு உயரம் என்று அது காட்டிவிடும்.
"மத்த பிள்ளைங்க எவ்வளவு?"
"போட்டி இல்லப்பா. என் கால் டயர்டா இருக்கான்னு கோச் பாக்குறாங்க. நேத்து என்னையும் இன்னைக்கு என்னையும்தான் ஒப்பிடுவாங்க."
அவளுக்கு வழக்கமாக முப்பத்தொரு சென்டிமீட்டர். நானும் கூடத்தில் குதித்துப் பார்த்தேன். கீழ்வீட்டுத் தங்கராஜு உடனே போன் செய்தார்: "அண்ணே, அலமாரி விழுந்துடுச்சா?"

1 பிப்ரவரி, ஞாயிறு, தைப்பூசம்
வரும் சனிக்கிழமை அவளுக்கு நானூறு மீட்டர் தேர்வு ஓட்டம். தேறினால் தேசிய இளையர் முகாம். அதற்காக அவள் பால்குடம் எடுப்பாள் என்று வேண்டியிருந்தேன். வேண்டியது நான், நடந்தது அவள். சிராங்கூன் ரோட்டுக் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்கால், வெறும் வயிறு.
"சனிக்கிழமை ஓடணும்லா அவ" என்றாள் மனைவி பிரசாந்தி.
"முருகன் பாத்துக்குவான்" என்றேன். பெரிய ஆள் மாதிரி.

2 பிப்ரவரி
இருபத்தாறு! கோச் சாதியா அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெள்ளிக்குள் ஏறாவிட்டால் சனிக்கிழமை ஓட விடமாட்டாராம்.

3 பிப்ரவரி
வேலையிடத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். காற்றில் முட்டியை மடக்கினால் தரையிறங்கத் தாமதமாகும், பாய் ஏமாந்து உயரத்தைக் கூட்டிக் காட்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு சொன்னேன்.
"ஏம்ப்பா, லிஃப்ட் கதவு சென்சார் எச்சரிச்சா அதைக் கழட்டிட்டு ஓட்டுவீங்களா?"
லிஃப்ட் பழுதுபார்த்துத்தான் இந்தப் பெண்ணை வளர்த்தேன். சாப்பிடப் போனேன்.

4 பிப்ரவரி
சாதியாவுக்குப் போன் செய்து பால்குடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.
"நடந்து போனது தப்பில்ல அங்கிள். முன்னாடியே சொல்லியிருந்தா அந்த வாரம் பயிற்சியக் குறைச்சிருப்பேன். காய்ச்சல் வருதோன்னு பயந்துட்டேன். நடந்த களைப்புன்னா இறங்கிடும். நல்லா சாப்பிடட்டும், தூங்கட்டும்."
விரதம் முடிந்த வீடு. கோழி வாங்கி வந்தேன்.

6 பிப்ரவரி
முப்பது. "ஓடலாம்" என்றாராம். நான் சும்மா இருந்தேன். அதுதான் என் பங்கு.

15 பிப்ரவரி, ஞாயிறு
அக்கா குவீன்ஸ்டவுனிலிருந்து போன். அடுத்த ஞாயிறு கிரகப்பிரவேசம். "விடியக்காலை மூணு மணிக்கு திவ்யா வந்து கோலம் போடணும்."
"அவ தேறிட்டாக்கா, இப்ப முகாம். மறுநாள் காலையில குதிக்கணும். தூங்கட்டும், நான் வந்து போடுறேன்."
"நீயா? கோலமா?"
"ஏன்? என் காலை யாரும் அளக்கப்போறதில்லையே."
பிரசாந்தி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பழைய செய்தித்தாளில் புள்ளி வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.