இரவல் நீலச் சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கை தைலம் தேய்த்துவிடுகிறாளா?

பத்திரிகையில் வந்த என் போட்டோவைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்களாமே. அம்மா, அந்த நீலச் சட்டை இரவல். எங்கள் அகதி முகாமைப் பார்வையிட வெளிநாட்டு அதிகாரிகள் வந்தார்கள். இங்கே எல்லோருக்கும் மொழிபெயர்ப்பவன் நான்தான் என்பதால், முகாமை நடத்தும் மேடம், அலுவலர்கள் போடும் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார். வந்தவர்களில் பெரியவர் என் கையைக் குலுக்கி, "உதவி செய்ய எந்த நாட்டுலேருந்து வந்தீங்க?" என்றார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

அவர்கள் போனதும், வேறு நாட்டில் குடியேறக் கொடுத்த என் மனு என்னவாயிற்று என்று மேடத்திடம் கேட்டேன். "நீயும் போயிட்டா இந்த ஜனங்களுக்காக யாருப்பா பேசுவாங்க?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் முகாமுக்கு வந்த தையற்காரரின் மனுவுக்கும் நான்தான் பேசினேன். அவர் போன வாரம் விமானம் ஏறிவிட்டார்.

சட்டையைக் கழற்றுவதற்கு முன் வாசல் வரை நடந்தேன். காவலாளி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். எதிரே தெரு. கையில் ஒரு காகிதமும் இல்லாமல் எங்கே போவது? "சும்மா காத்து வாங்க வந்தேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

ஒரு காரியம். பெட்டியில் இருக்கும் என் கட்டம் போட்ட சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை போய்விடும்.

மேடம் கூப்பிடுகிறார், ஓட வேண்டும். மற்றவர்களிடம் சொன்னதை மாற்றிச் சொல்லாதீர்கள் அம்மா. வேலை கிடைத்தது உண்மைதான். விடத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் மகன்