கரையாத கட்டி

பாய், நீ புதைத்த மக்னீசியக் கட்டி இப்போது என் ஜீப்பின் பின்சீட்டில் கிடக்கிறது. மேலே கொஞ்சம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி முழுசாக இருக்கிறது. புதூர்நாட்டு மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் உருண்டு கதவில் இடித்தது. வீட்டுக்கு வந்தும் அதை இறக்கி வைக்க மனம் வரவில்லை. எழுந்து எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் இதை எழுத உட்கார்ந்தேன்.

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று காலையில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சாமைக் கொல்லையின் ஓரம் முழுக்கச் சேறு. தோண்டினோம். குழாயின் அடிப்பக்கம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக அரித்து, ஓர் இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. சற்றுத் தள்ளி உன் கட்டி. தோண்டிய ஆட்களுக்கு ஒரே சந்தோஷம்; பாய் வைத்த பொருள் எப்படிப் புத்தம் புதுசாக இருக்கிறது பாருங்கள் என்றார்கள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது கரைந்திருக்க வேண்டும். அது கரைந்தால்தான் இரும்பு கரையாது என்று நீ எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய்!

கட்டியையும் குழாயையும் சேர்க்கும் செம்புக் கம்பியைத் தேடி எடுத்தேன். பச்சை பிடித்து இற்றுப் போனதல்ல. கொடுவாளால் ஒரே வெட்டு.

இந்த லைன் போட்ட நாட்கள் ஞாபகம் வந்தன. நான் பற்றவைத்துக்கொண்டே முன்னால் போவேன், நீ கம்பிக்கு ஜாயிண்ட் போட்டு, கட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாய். வாணியம்பாடியில் உன் அண்ணன் தம்பி எல்லாரும் தோல் பதனிட, நீ மட்டும் இரும்பைப் பதனிடக் கிளம்பியவன் என்று கேலி செய்வேன். "தோலாவது செத்தப்புறம்தான் அழுவிப்போவும். இரும்பு நல்லா இருக்கறப்பவே அழுவுதுபா" என்பாய். கம்பெனிக்காரர்கள் ஆனோடு என்ற இந்தக் கட்டியைப் பலிக்கட்டி ஆக்கியதும் நீதான். குழாய்க்காகத் தன்னைக் கொடுக்கிறதாம், அதனால் பலிக்கட்டி. அந்தப் பெயர் எல்லாரிடமும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கொல்லைக்காரியை உனக்கு ஞாபகம் இருக்குமா? நிறைமாத வயிற்றோடு வரப்பில் நின்று, என்ன புதைக்கிறீர்கள் என்று கேட்டாள். "பலி குடுக்கறோம்மா. குழா நல்லா இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இன்று ஆட்கள் வால்வை மூடப் போன நேரத்தில் அவளே வந்தாள்.

"நாந்தாண்ணா அறுத்தேன். வவுத்துல புள்ளய வச்சிகினு, கொல்லையில பலி குடுக்கறத எப்டிண்ணா பாத்துகினு இருப்பேன்?"

பாலம் கட்டினால் பலிக்கு ஆள் கேட்கும், அணை கட்டினால் ஆள் கேட்கும் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். நம் ஜீப் திரும்பியதும் தோண்டி, பலியைக் குழாயோடு சேர்த்த கம்பியை அறுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடியிருக்கிறாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தான் செய்தது சரி என்று அதோடு மறந்துவிட்டாள். அடுத்த அளவு எடுக்க நீ வந்திருந்தால் மீட்டர் காட்டிக் கொடுத்திருக்கும். அதற்குள் நெஞ்சுவலி என்று போய்விட்டாய். உனக்குப் பிறகு மீட்டரோடு யாரும் மலையேறவில்லை.

கட்டி எதற்கு என்று நான் விளக்கியதும் அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்ப குழாயத்தான் நான் பலி குடுத்துட்டனா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் அல்ல, உன்மேல். வேறு பெயரே கிடைக்கவில்லையா உனக்கு? நீ உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன்.

சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறி இன்ஜினியரைக் கூப்பிட்டேன். புதுக் குழாய் அனுப்புவதாகச் சொன்னார். கம்பி எப்படி விட்டது என்று கேட்டார். யாராவது கை வைத்திருந்தால் அரசாங்கச் சொத்து, இன்றைக்கே போலீஸில் புகார் கொடு, ஒருத்தரையும் விடக்கூடாது என்றார். கீழே அவள் வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய் போட்ட ஜாயிண்ட் சார். வுட்டுப்போச்சு."

இன்ஜினியர் திருப்பிக் கேட்டார். "அவரா? அவர் அப்படி விடற ஆள் இல்லையே."

"வுட்டுட்டாரு சார்."

அவர் நம்பும்வரை சொன்னேன், பாய். நீயே இருந்திருந்தாலும் என் தலையில் போடு என்றுதான் சொல்லியிருப்பாய் என்று மனசைத் தேற்றிப் பார்க்கிறேன். தேற மாட்டேன் என்கிறது. நீ போட்ட ஜாயிண்ட் ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு நான்தான் தோண்டப்போகிறேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் இனி இந்த மலையில் உன் பேச்சு எடுத்தால், ஜாயிண்டைச் சரியாகப் போடாதவன் என்றுதான் எடுப்பார்கள். உண்மை தெரிந்தவர்கள் அவளும் நானும்தான். அவள் சொல்லமாட்டாள். நானும் சொல்லமாட்டேன், பாய்.