மூன்றாம் கவுன்டரில் ஆள் இல்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

கடையில் பில் போடும் கவுன்டர்களைப் பிடுங்கிவிட்டார்கள். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த இடத்தில் வரிசையாக மெஷின்கள். நாமே பொருளைக் காட்டி, நாமே பில் போட்டு, நாமே பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "சம்பளம் குடுக்காம நம்மள வேலை வாங்குறானுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிவிட்டு வருகிறவளுக்குக் கடையிலாவது யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாமே. ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

மெஷினுக்குள் ஒரு பெண் குரல். "பொருளைப் பையில் வைக்கவும்." வைத்த பிறகும் வைக்கச் சொல்கிறது. மாமியார் போன பிறகு, சொன்னதையே இத்தனை தடவை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "மூணாம் கவுன்டர் தங்கச்சி?" என்றார் உடனே.

"எல்லாத்தையும்தான் எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு என்ன ஆச்சோ, பாக்கல."

தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அடேயப்பா, இவ்வளவு பாசமா என்று கிண்டல் செய்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பால் வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்திருக்கிறார். "கடை பூட்டியிருக்கு." வேலை முடிந்து வரும்போது பார்த்தேன், திறந்துதான் இருந்தது. காலையில் பூட்டியிருந்திருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓய்வு பெற்ற நாளிலிருந்து கடைக்குப் போவது இவர் வேலை. காலைப் பலகாரம் முடிந்ததும் சட்டையை மாற்றி, தலையை வாரி, ஏதோ டூட்டிக்குப் போவதுபோலக் கிளம்புவார். கடை இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் திரும்பி வருவதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். வந்ததும் கடைக் கதை. மூணாம் கவுன்டர் தங்கச்சிக்கு முட்டி வலி, அவள் பையனுக்குப் பரீட்சை, புதுசாக வந்த முட்டை எல்லாம் உடைசல். எனக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியும், அவ்வளவுதான். அவசரமாகப் போய் அவசரமாக வருகிறவள் நான்.

இந்த வாரம் இவர் சரியாகக் கடைக்குப் போகவே இல்லை. கேட்டால் நாளுக்கு ஒரு சாக்கு. மழை வரும் போலிருக்கு. செருப்பு கடிக்குது. இன்று நான், "காலமெல்லாம் லிஃப்ட் மெஷினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தவரு, ஒரு பில்லு மெஷினுக்குப் பயந்தா எப்படி?" என்றேன். சிரிப்பார் என்றுதான் சொன்னேன்.

"பயம்னு யாரு சொன்னா?" என்று கத்தினார். அப்படியொரு கத்தல். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

எதற்கு இவ்வளவு கோபம்? நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்?

பிப்ரவரி 12, புதன்

பேச்சுவார்த்தை இல்லை. சமாதானமாகக் காபி மட்டும் போட்டு வைத்திருந்தார். சர்க்கரையை இரண்டு தடவை போட்டிருப்பார் போல. வாயில் வைக்க முடியவில்லை. குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வேலையில் இருக்கும்போது இவர் போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் வேறு குரல். கடை மேனேஜர். "மேடம், உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. ஒண்ணும் பயப்படாதீங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ. கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலியில் இவர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே உட்காரவைத்த பையன் மாதிரி. மேஜைமேல் ஒரு ரொட்டி, பால், சோப்பு. பணம் கட்டாமல் வெளியே போனாராம். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தியிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும், "பணம் குடுத்துட்டேன்" என்றார். "நீயாவது சொல்லு. குடுத்துட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். இவரைப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு, உங்க மெஷின் கோளாறுக்கு எங்க மேல பழி போடுவீங்களா, இந்த மனுஷன் எப்பேர்ப்பட்டவருன்னு தெரியுமா — என்னவெல்லாமோ கத்தினேன். மேனேஜருக்குச் சின்ன வயசுதான். நான் ஓயும்வரை நின்றார்.

"திருடினாருன்னு நான் சொல்லலீங்க. அதனாலதான் உங்கள வரச் சொன்னேன். நீங்களே ஒரு தடவ பாத்துருங்க" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

கேமராவில் இவருடைய முதுகும் பாதி முகமும் தெரிந்தன. மெஷின்முன் நிற்கிறார். ரொட்டி, பால், சோப்பு மூன்றையும் வரிசையாக வைக்கிறார். எதையும் எடுத்துக் காட்டவில்லை, திரையைத் தொடவில்லை. சும்மா நிற்கிறார். பிறகு பர்ஸை எடுத்து, நன்றாக விரித்து, இரண்டு கையாலும் பிடித்து, மெஷினுக்கு நேராக நீட்டுகிறார். எடுத்துக்கொள் என்கிற மாதிரி. காத்திருக்கிறார். பின்னால் ஒரு பெண் வந்து, பார்த்துவிட்டு, வேறு மெஷினுக்குப் போகிறாள். இவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, பர்ஸை மூடி உள்ளே வைத்தார். மெஷினைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். பொருள்களை எடுத்துக்கொண்டு நடந்தார்.

படத்தில் சத்தம் இல்லை. ஆனால் உதடு அசைந்தது தெரிந்தது. "வரட்டுமா" என்று சொல்லியிருக்கிறார்.

பணத்தைக் கட்டிவிட்டு இவரை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதுசில்கூட இவர் தெருவில் என் கையைப் பிடித்ததில்லை.

பிப்ரவரி 15, சனி

பர்ஸை ஏன் நீட்டினார்? யாரிடம் அப்படி நீட்டிப் பழக்கம்?

பிப்ரவரி 17, திங்கள்

அவளைத் தேடிப் போனேன். கடையை விட்டு அனுப்பவில்லை, சரக்கு அடுக்கப் போட்டிருக்கிறார்கள். சோப்புத்தூள் வரிசையில் தரையில் உட்கார்ந்து பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். முட்டி வலி நிஜம்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள், "சார் நல்லா இருக்காராக்கா?" என்றாள். என்னை அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பர்ஸைப் பற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வருஷத்துக்கு மேலயே ஆச்சுக்கா. மொதல்ல சில்லறைக்குத்தான் தடுமாறுவாரு. அப்புறம் நோட்டும் புடிபடல. பர்ஸையே நீட்டிருவாரு. நான் எடுத்துக்கிட்டு, பில்லையும் மிச்சத்தையும் உள்ள வச்சுக் குடுத்துருவேன். ஒரு காசு கூடக்குறைய—"

"அதெல்லாம் நான் கேக்கலம்மா."

"சில நாளு ரொட்டியா அள்ளிட்டு வருவாரு. 'நேத்துதான சார் வாங்கினீங்க'ன்னு சொல்லி ஒண்ண மட்டும் போட்டு அனுப்புவேன். பால் வாங்க வந்துட்டு பேட்டரியோட நிப்பாரு. பேச்சுக் குடுத்துக் குடுத்து, வீட்ல என்ன இல்லன்னு கேட்டுக்குவேன். பின்னாடி நிக்கிறவங்க திட்டுவாங்க. திட்டுனா திட்டிட்டுப் போறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் இந்தக் கடைக்குத்தான வரேன்?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லணும்னு எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. சார்தான் வேணாம்னாரு."

"என்னன்னு?"

அவள் கண் கலங்கிவிட்டது. "'எனக்கு என்னமோ ஆயிட்டு வருது தங்கச்சி. அவளுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு உக்காந்துருவா. இன்னும் கொஞ்ச நாளு ஓட்டிரலாம்'னாரு."

இவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஓட்டியிருக்காங்க. ரெண்டு பேருமா சேந்து ஓட்டியிருக்காங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் — என் கண்ணு எங்க போச்சு? கடைக் கதை சொல்லும்போதெல்லாம் அரைக் காதால் கேட்டுக்கொண்டு பையைத் தேடிக்கொண்டிருந்தேனே.

அவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கோபம் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பர்ஸைக் கொடுத்து மனசையும் திறந்தவர், இத்தனை வருஷம் கூடவே குப்பை கொட்டியவளிடம் வாயைத் திறக்கவில்லையே. பொறாமையா இது? இந்த வயசிலா? ஆமாம், பொறாமைதான். எழுதிவிட்டேன், போகட்டும்.

மெஷின்மேலும் கோபம். அது இவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அது வராமலிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அப்படியானால் எது நல்லது? எனக்குத் தெரியாமல் இருந்த அந்த ஒரு வருஷம், இவர் தினமும் தலைவாரிக் கிளம்பிய வருஷம் — அது நல்ல வருஷம்தானே?

மார்ச் 6, வியாழன்

டாக்டர் மூளைப் படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நோயின் பெயரைச் சொன்னார். போனது திரும்பாது, போவதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றார். இவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "மோட்டார் தேஞ்சுபோச்சு, பார்ட்ஸ் கிடைக்காது. அவ்வளவுதான டாக்டர்?" என்றார். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏங்க என்கிட்ட சொல்லல?"

ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "உன்கிட்ட சொல்லிட்டா நெசமாயிரும்ல" என்றார்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் அழுதாள். "நீங்க யாரும் கடைக்கே போக வேணாம்மா. நான் இங்கேருந்தே ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அப்பா வீட்டை விட்டுக் கிளம்ப அந்தக் கடையைத் தவிர வேறு காரணம் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

மார்ச் 15, சனி

இவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். சோப்புத்தூள் வரிசையில் அவளைக் கண்டதும் இவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "என்ன தங்கச்சி, இடம் மாத்திட்டாங்களா?"

"ஆமா சார். இங்க ஏசி ஜாஸ்தி, அதான்."

இரண்டு பேரும் பேசினார்கள். முட்டி, பையன், பரீட்சை. முதல் தடவையாக நான் முழுசாகக் கேட்டேன். அவள் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறாள்! கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கேட்கிறாள். இவர் "ஆமா" என்றால் போதும். ஓரிடத்தில்கூட இவரைத் தடுமாறவிடவில்லை.

இவர் பிஸ்கட் பார்க்க நகர்ந்தபோது, "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா" என்றேன். "அட, விடுங்கக்கா" என்றாள்.

மேனேஜரிடம் போய், இவர் மாதிரி ஆட்களுக்காக ஒரே ஒரு கவுன்டரையாவது வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "எங்க அப்பாவே இங்க வர்றத நிறுத்திட்டாரு மேடம். என் கையில இல்ல" என்றார். கொஞ்சம் தயங்கி, "அந்த சோப்புத்தூள் வரிசை அக்காவுக்கும் வேலை இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்" என்றார்.

மெஷினில் நான் பொருளைக் காட்ட, இவர் பையில் வைத்தார். "பொருளைப் பையில் வைக்கவும்" என்றது. "இரும்மா, வச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் இவர், மரியாதையாக. பக்கத்து மெஷினில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 31, திங்கள்

இன்று அவளுக்குக் கடைசி நாள். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். அவள் போவதை இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அரை நாள் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இவர் எதற்குப் பயந்தாரோ அதில் பாதி நடந்தாயிற்று.

"கடைக்குப் போலாமா?" என்றேன். "எதுக்கு?" என்றார். கடைக்குப் போகிற பழக்கமே இவருக்கு மறந்துபோயிற்று என்று முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை. சட்டையை எடுத்து வைத்தேன், சீப்பை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போய்ட்டு வா."

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். யாரோடும் பேசவில்லை, சீக்கிரமே முடிந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாராவது எதையாவது கேட்டால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது ஊரின் இன்னொரு கோடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், பையில் ஆரஞ்சுப் பழங்களோடு.

இவர் கதவைத் திறந்தார். "வாங்கம்மா. யாரைப் பாக்கணும்?"

நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். அவள் முகம் ஒரு நொடிதான் மாறியது. "உங்களத்தான் சார். இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு. வெயிலு பயங்கரமா இருக்குல்ல சார்?"

"ஆமா" என்றார் இவர். "உக்காருங்க."

உட்கார்ந்தாள். பையன் தேறிவிட்டான் என்று சொன்னாள். "ரொம்ப சந்தோஷம்" என்றார் இவர், யாருடைய பையன் என்று தெரியாமல். நான் டீ போடப் போனதும் பின்னாலேயே வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். பால் பொங்கி வழிந்தது.

கிளம்பும்போது இவர் வாசல் வரை வந்து, "அடிக்கடி வாங்கம்மா" என்றார். அவள் தெரு திரும்பும்வரை நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்:

"நல்ல பொண்ணு. நம்ம வீட்டுக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"இல்லீங்க. இன்னிக்குத்தான் மொத தடவ" என்றேன்.

அது உண்மைதான்.