ஓவர்சியர் வருகிறார் என்று அடித்த வெள்ளை

மண்ணூர் காலனி,
ஆவணி மாதம், 1991.

அன்பு மகள் சசிரேகாவுக்கு உன் அம்மா பாஞ்சாலி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், வீடுதான் சௌக்கியமில்லை. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கிற என் பேரப்பிள்ளையும் நல்லபடி இருக்க மாரியம்மன் துணை. என் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், சிரித்துக்கொண்டே படி, பிள்ளைக்கு நல்லது.

சேதி என்னவென்றால், சர்க்கார் கட்டிக்கொடுத்த நம் காலனி வீடுகள் உளுத்துப்போய்க் கிடக்கின்றனவே, அதை இடித்துப் புதிதாகக் கட்டவும், தெருவுக்குச் சாக்கடையும் குழாயும் போடவும் மானியம் வந்தது. எந்த வீடு ரொம்ப மோசம் என்று பார்த்து எழுத ஓவர்சியர் வருகிறார் என்று பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள். உன் அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும், பொங்கலுக்குக்கூட வெள்ளையடிக்கிற மட்டையைத் தொடாத மனுஷன், ஆபீசரு வரச்சொல்ல வூடு அசிங்கமா கீதுன்னா நம்மள இன்னா நெனைப்பாரு என்று விரிசலில் எல்லாம் சிமெண்டைத் திணித்து, வெள்ளையடித்து, மேல்தளத்தில் கம்பி தெரிந்த இடத்தில் என் கல்யாணச் சேலையை விதானமாகக் கட்டிவிட்டார். நானும் சும்மா இராமல் வாசலடைத்துக் கோலம் போட்டேன். தெருவே அப்படித்தான். வந்தவர், இன்னாம்மா கல்யாண வூடு மாதிரி கீது, இதையா இடிக்கச் சொல்றீங்க என்று சிரித்து, கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு, நல்ல நிலைமை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டு லூர்தம்மாள் காய்ச்சலில் கிடந்ததால் அவள் வீட்டை ஒருவரும் தொடவில்லை, அதற்கு மட்டும் மானியம் பாஸ். நோவு வந்தாலும் நேரம் பாத்து வரணும்க்கா என்று என்னையே கிண்டல் செய்கிறாள்.

போன வாரம் பெய்த மழையில் சேலையோடு காரை பெயர்ந்து விழுந்தது, நீ வந்தால் படுக்க என்று போட்டு வைத்த கட்டில் மேலேயே. நல்லவேளை ஆள் இல்லை. யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தோம், எழுதுனது எழுதுனதுதாம்மா, அடுத்த வருசம் பாக்கலாம் என்கிறார்கள். என் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். உன் அப்பா சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்திருக்கிறார், மழை வந்தால் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சோறு தின்கிறோம். நான் கேலி செய்தால்கூடப் பதிலுக்குத் திட்டுவதில்லை மகளே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் ஐப்பசியில் அப்பா வந்து உன்னை அழைத்துவருவார் என்று சொன்னதை விட்டுவிடு. அடைமழையில் பச்சைப் பிள்ளையை இந்தத் தளத்துக்குக் கீழே போட எனக்கு மனசில்லை. முதல் பிரசவம், பொண்ணைக் கூப்பிடலன்னா ஊரு காறித் துப்பும் என்று உன் அப்பா கூடப்பிறந்த அத்தை சண்டைக்கு வந்தாள். துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன். நான் அங்கே வருகிறேன். உங்கள் ஒற்றை அறையில் இடம் போதுமா என்று யோசிக்காதே, அடுப்போரம் சுருண்டுகொள்வேன், என் குறட்டையை மட்டும் மாப்பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும். உன் அப்பாவிடம் சொன்னேன், முட்டுக் கட்டையை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, போய் வா, நான் வூட்டைப் பாத்துக்கறேன் என்றார். விழாமல் தாங்கிப் பிடிக்கப் போகிறாராம்.

கனத்தைத் தூக்காதே, படியில் பார்த்து இறங்கு. தாயும் பிள்ளையும் இரண்டு உயிராய்ப் பிரிந்து நூறு வருஷம் வாழ வேண்டும். மாப்பிள்ளையை மறக்காமல் ஸ்டேஷனுக்கு அனுப்பு, தாம்பரம் தாண்டி நான் ரயிலில் போனதில்லை. எந்தப் பெட்டியிலிருந்து இறங்குவேன் என்று எனக்கே தெரியாது, அவரை எல்லாப் பெட்டியிலும் பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன்னைத் தேடி வரும் அம்மா
நா. பாஞ்சாலி