கொக்கி வைத்த பச்சை மாலை

என் அருமை அண்ணிக்கு,

அங்கேயாவது உங்களுக்குக் காபி சூடாகக் கிடைக்கிறதா? இங்கே அடி அண்ணாமலையில் கடையை உங்கள் மகள் தேவிதான் பார்த்துக்கொள்கிறாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் முன்பைவிட ஜாஸ்தி. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை முறைப்பதில் அவள் அப்படியே நீங்கள்தான்.

புருஷனின் அக்காவுக்கு இப்படி உருகி உருகிக் கடிதமா என்று படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நாம் போட்ட சண்டையெல்லாம் வேங்கிக்கால் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் வீட்டிலிருந்தே மணிமாலை கோக்க ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? நூல் அறுந்துபோகிறது என்று தேரடி வீதிக் கடைக்காரர் மெல்லிய கம்பியைக் கொடுத்தார். அதில் முடிச்சுப் போட முடியாது. நுனியைக் கடுகளவு உலோக மணிக்குள் விட்டுக் குறட்டால் நசுக்கினால், அது கம்பியைக் கவ்விக்கொள்ளும். முதல் மாலையில் நான் கம்பியை இறுக்கி இழுத்து நசுக்கிவிட்டேன். அது வளையாமல் விறைத்து நின்றது. நீங்கள் அதைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"இன்னாடி இது, மாலையா? பானைக்கு அடியில வெக்கற பிரிமனையா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் தம்பிதான், வயரிங் வேலைக்கு எடுத்துப்போகும் கட்டிங் பிளேயரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தளர்வு விட்டு நசுக்கினால் மாலை அழகாகத் தொய்ந்து விழும் என்று கண்டுபிடித்தது அவர்தான். பச்சை மணியில் ஒன்று கோத்து, அளவு பார்க்க என் கழுத்தில் சுற்றி, அங்கேயே இரண்டு நுனியையும் சேர்த்து நசுக்கியும் விட்டார். பார்த்தால், மாட்டிக் கழற்றுவதற்கான கொக்கி பாயில் கிடக்கிறது! மனிதர் மறந்துவிட்டார். தலை வழியாகவும் கழற்ற முடியவில்லை. "இருக்கட்டும், அறுக்காதீங்க" என்றேன். நீங்கள் அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. கருமாதி அன்று பூவும் வளையலும் தாலியும் எடுத்தாகிவிட்டது. பச்சை மாலை மட்டும் கழுத்தில் மிச்சம். கத்தரிக்கோலுக்குக் கம்பி அசையவில்லை. "கலர் மணி எதுக்கு இனிமே? குறடு எடுத்தாங்க" என்றார் ஒரு பெரியம்மா. நீங்கள் எழுந்துபோய் உங்கள் தம்பியின் கட்டிங் பிளேயரை எடுத்துவந்தீர்கள். நீங்களே அறுக்கப் போகிறீர்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்களோ அதை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"இது என் தம்பி கையால நசுக்குனது. குறடு என் இடுப்புல இருக்குது. வேணும்னா வந்து புடுங்கிக்கங்க."

யாரும் வரவில்லை. "கழட்ட வழியில்ல, இன்னா பண்றது" என்று முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள். தம்பியைப் பறிகொடுத்த துக்கம் உங்களுக்கும்தானே இருந்தது? அதையும் சுமந்துகொண்டு எனக்காக எப்படி அண்ணி சண்டை போட முடிந்தது?

அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் அந்தக் கட்டிங் பிளேயரை என் மடியில் போட்டீர்கள். "அழுவறதுனா அழுதுக்கினே கோரு. நான் வித்துத் தர்றேன்." சொன்னபடி விற்றும் தந்தீர்கள். யார் கோத்தது என்று கேட்டவர்களிடம், "என் தம்பி பொண்டாட்டி" என்று மறைக்காமல் சொன்னீர்களாம். என் மகன் படித்ததும், நான் யார் வாசலிலும் போய் நிற்காததும் அந்த மாலைகளால்தான். நன்றி சொன்னால் "போடி" என்பீர்கள் என்று நேரில் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். நன்றி அண்ணி.

போன வாரம் தண்ணீர் பிடிக்கக் குனிந்தபோது மாலை தானாக அறுந்துவிட்டது. கம்பி தேய்ந்துபோயிருந்தது. தரையெல்லாம் பச்சை மணி. என்னைப் பார்க்க வந்திருந்த தேவியும் நானும் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோம். நானே புதுக் கம்பியில் கோத்தேன்.

"அத்த, மாமா பண்ணமாரியே கொக்கி இல்லாம கழுத்துல வெச்சு நசுக்கிடட்டுமா?" என்றாள்.

"வேணாம்டி. கொக்கி வெச்சிடலாம்" என்றேன்.

கழற்ற முடியாததால்தான் போட்டிருக்கிறாள் என்று இத்தனை வருஷமும் சொந்தத்தில் பேசினார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இனி அந்தச் சாக்கு வேண்டாம். இப்போது படுக்கும்போது நானே கழற்றுகிறேன், காலையில் நானே மாட்டிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் உங்களுக்கு வருஷ திவசம். சொந்தமெல்லாம் வரும், அன்றைக்கு முணுமுணுத்தவர்களும் வருவார்கள். கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார நீங்கள் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் அந்த மாலையைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். யாராவது கேட்டால், கொக்கியைக் காட்டுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

என்றும் உங்கள் பிரிமனைக்காரி,
உங்கள் தம்பி பொண்டாட்டி
மல்லிகா