அப்பா எலி

செவ்வாய், மார்கழி. விழுப்புரம்.

காலையில் நாங்கள் கூண்டில் வளர்க்கும் ஜெர்பில் எலி குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத, முடியில்லாத, சுண்டுவிரல் நுனி அளவுக் குட்டிகள். திண்டிவனத்தில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருக்கும் மாலதிக்குப் படம் அனுப்பினேன். அவள் அம்மாதான் போனில் வந்தார். "ஆம்பள எலிய ஜல்தியா பிரிச்சி வெச்சிடுங்க மாப்ள, குட்டிய தின்னுடும்."

பிரித்து வைத்தேன். அது தீனியைத் தொடாமல் கூண்டுக் கம்பியையே கடித்துக்கொண்டிருந்தது. தாய் சாப்பிட எழுந்தால் குட்டிகள் குளிரில் நெளிந்தன. தின்னுமா, தின்னாதா? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆண் எலியை உள்ளே விட்டேன். ஒவ்வொரு குட்டியாக முகர்ந்தது. சிதறிக் கிடந்த காகிதத் துண்டுகளை இழுத்து மூடியது. பிறகு குட்டிகளை அணைத்தபடி படுத்துக்கொண்டது. அப்போதுதான் தாய் நிதானமாகச் சாப்பிட்டது.

மாலதிக்குப் போன் செய்து சொன்னேன்.

"நீங்க எப்ப வர்றீங்க?"

"தீட்டு கழிஞ்சப்புறம் வரச் சொன்னாங்களே அத்தை."

பின்னால் குழந்தை அழுதது. "அம்மா படுத்துட்டாங்க. இவன தூக்கிக்கினே இருக்கேன். இன்னும் சாப்பிடலைங்க."

எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் கூடுதலாக வைத்துவிட்டேன். காலையில் முதல் பஸ்.