கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை

பூந்தமல்லி,
2-7-1946

சிரஞ்சீவி தம்பி ஜானகிராமனுக்கு, அக்கா நாகவல்லி மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

நானும் அம்மாவும் சுகம். உன் மாமாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு எல்லாம் தெரியாது. பதில் எழுதும்போது அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

போன மாதம் நம் வாடகைக் கார் ஒரு மாட்டு வண்டியில் மோதிவிட்டது. மாமா திருவள்ளூர்க் கல்யாணத்துக்காக இரண்டு நாள் தூக்கமில்லாமல் ஓட்டினார். கடைசியாகப் பட்டணத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, விடிகிற நேரத்தில் தனியாகத் திரும்பியிருக்கிறார். காட்டுப்பாக்கம் வளைவில் கண் அசந்துவிட்டது. எதிரே பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி தன் ஓரத்திலேதான் வந்திருக்கிறது. மாடு அங்கேயே செத்துப்போயிற்று. வண்டிக்காரர் துலுக்கானம், சென்னீர்க்குப்பத்துக்காரர், இடுப்பு எலும்பு முறிந்து பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். மாமாவுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கவே மாட்டேன் என்கிறார்.

காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. நம்மால் யாருக்காவது அடிபட்டால் நஷ்டஈடு கம்பெனி கொடுக்கும் என்று சொல்லித்தான் ஏஜெண்ட் வீரராகவன் அதை எடுக்க வைத்தார். விபத்து நடந்த மறுநாள் வந்தார். "தப்பு என்னுடையது என்று யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகக்கூடாது. நீங்களாக எதையும் கொடுக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் கம்பெனி கைகழுவிவிடும்" என்றார். மாட்டு வண்டியில் லாந்தர் எரியவில்லை என்று அவரே ஒரு வாக்குமூலம் எழுதினார். மாமா பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கட்டின பெண்டாட்டி நான்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார்.

அதற்குப் பிறகு ஏஜெண்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பட்டணத்து ஆபீசில் எல்லாம் கல்கத்தாவில்தான் தீர்மானம் ஆக வேண்டும் என்கிறார்கள். கல்கத்தாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. கம்பெனியின் பெரிய ஆபீஸ் அங்கே கல்கத்தாவில் உன் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறதாம். நீ ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு எழுது. அந்த வண்டிக்காரரின் குடும்பத்துக்கு ஏதாவது சீக்கிரம் கிடைத்தால்தான் இந்த வீட்டில் சோறு இறங்கும்.

வெளியில் கண்டதைச் சாப்பிடாதே. உன்னை ஆண்டவன் காக்கட்டும்.

உன் அக்கா,
நாகவல்லி


பூந்தமல்லி,
9-8-1946

சிரஞ்சீவி ஜானகிராமனுக்கு அக்காவின் ஆசிகள்.

தபால் ஸ்டிரைக் முடிந்து, ஜூலையில் நீ போட்ட கார்டு நேற்றுத்தான் வந்தது. கேஸைப் பார்க்கும் துரை டார்ஜீலிங்குக்குப் போயிருக்கிறார், திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்று குமாஸ்தா சொன்னதாக எழுதியிருக்கிறாய். துரை இன்னுமா மலையை விட்டு இறங்கவில்லை?

இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. துலுக்கானத்தின் சம்சாரம் முத்தம்மாள் போன வாரம் நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று பயந்து நான் கதவைப் பாதி சாத்தினேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, போலீசுக்காரரு லாந்தர் எரியலேன்னு சொல்றாராம். எங்க ஊட்டுக்காரரு தெனம் அதையே கேட்டுகினு கீறாரு. நான்தான் சரியா ஏத்தலையா, என்னாலதான் மாடு செத்துச்சான்னு அழுவறாரு. ஐயா நேர்ல பாத்தவரு. ஒரு தபா வந்து இன்னா நடந்துச்சுன்னு சொன்னா போதும்மா" என்றாள்.

பணம் கேட்கவில்லை, தம்பி. மாடு கேட்கவில்லை. இதைத்தான் கேட்டாள்.

ஐயா வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாமா உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டுவார். நஷ்டஈடும் போய்விட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று நான் சொல்வேன். சட்டையைக் கழற்றிவிடுவார். கோர்ட்டில் இம்மாதக் கடைசியில் விசாரணை. அதற்குள் கம்பெனி வக்கீல் வைக்கப்போகிறதா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

ஆகையால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த வாரமே அங்கே மறுபடி போ. குமாஸ்தா சொல்வதை நம்பித் திரும்பிவிடாதே. அங்கேயே உட்கார்ந்துகொள். பதில் வாங்காமல் எழுந்து வராதே.

அம்மா உனக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது கல்கத்தா வந்தால் கொடுத்தனுப்புகிறேன். தீர்க்காயுசாக இரு.

உன் அக்கா,
நாகவல்லி


பூந்தமல்லி,
12-9-1946

என் கண்ணான தம்பி ஜானகிராமனுக்கு,

இந்தக் கடிதம் எந்த விலாசத்தில் உன்னைத் தேடிப் பிடிக்கும் என்று தெரியவில்லை. உன் மெஸ்ஸுக்கே போடுகிறேன்.

உன் கடைசிக் கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் லீவு, சனிக்கிழமை கம்பெனிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வெள்ளியும் சனியும் கல்கத்தாவில் இந்து முஸ்லிம் கலகத்தில் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். மெஸ்ஸுக்குத் தந்தி அடித்தோம். மெஸ் முதலாளிக்குத் தனியாகக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கலகத்தில் ஆபீஸ்களையெல்லாம் மூடிவிட்டார்கள், நீ வெளியே கிளம்பியே இருக்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மாமா என்னிடம் சொல்லாமலே ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். துலுக்கானத்துக்கு அதற்குள் புண் சீழ் பிடித்து ஜுரம் கண்டிருந்தது. மாமாவைப் பார்த்ததும், "தூங்கிட்டியா நைனா?" என்று மட்டும் கேட்டாராம். இவர், "ஆமாம், தூங்கிவிட்டேன். உன் லாந்தர் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது" என்று சொல்லி அவர் காலைப் பிடித்துக்கொண்டாராம். துலுக்கானம் முத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தாராம். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

கோர்ட்டில் மாமா வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் கொடுத்த வாக்குமூலம் பொய், தப்பு முழுவதும் என்னுடையது என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் தண்டனை. பட்டணத்து ஜெயிலில் இருக்கிறார். காரை விற்று முத்தம்மாளிடம் கொடுத்துவிடச் சொல்லிப் போனார். அப்படியே செய்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜெயிலில் மாமாவைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். ஆனால் ராத்திரியில் தூக்கம் வருகிறதாம். உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்.

நேற்றுத் தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "கல்கத்தா கடுதாசி வந்துகீதும்மா!" என்று குரல் கொடுத்தார். அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிவந்துவிட்டாள். நான் உறையை வாங்கினேன். டைப் அடித்த விலாசம். கம்பெனிக் கடிதம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் புரிந்தது இவ்வளவுதான். மாமா தப்பை ஒப்புக்கொண்டுவிட்டபடியால் அவர்களுக்கு இனி எந்தப் பொறுப்பும் இல்லையாம். அதற்காக நான் கலங்கவில்லை. கல்கத்தாவிலிருந்து தபால் ஒழுங்காக வருகிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னடி எழுதிகீறான், படியேன்" என்றாள். அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே படித்தேன். அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகமாக இருக்கிறேன், வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை, ஊரில் இப்போது கலகம் ஒன்றும் இல்லை, தீபாவளிக்கு அவசியம் வருகிறேன் என்று. அம்மா இரண்டாம் தரமும் படிக்கச் சொன்னாள். அதே வார்த்தைகளாக வர வேண்டுமே என்று பயந்து பயந்து படித்தேன்.

இன்று காலையில் உனக்கு வேட்டி எடுக்க வேண்டும் என்கிறாள்.

என் அப்பனே, உன் பெயரில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். அதை மெய்யாக்க உன்னால்தான் முடியும். வர முடியாவிட்டால் ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் வேறு யாரையாவது எழுதச் சொல்லி, அடியில் கையெழுத்து மட்டும் போடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
நாகவல்லி